புல்லி நிற்கும்வரை

“உங்க கை கொஞ்சம் வேணும் நானா.”

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஸ்டோரில் மெசின் பெயாரிங் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு தாளோடு நின்றார். கந்தோரில் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மிஸ் என்று மட்டும் தெரியும். அம்பிட்டியவில் அக்கா வீட்டில் இருக்கிறார், கத்தோலிக்க வேதக்காரர், முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர், கிட்டத்தட்ட என் வயது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று அவர் கேட்பார்.

எங்கள் கம்பனி கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் இருந்தது. கம்பனிச் சொந்தக்காரர் ஹாஜியார் வெளிநாட்டிலிருந்து பழைய அறுவடை இயந்திரங்களை இறக்கி, திருத்தி, வர்ணம் பூசி விற்பார். யாரும் இழுக்கத் தேவையில்லாமல் தானே ஓடி, தானே வெட்டி, தானே கதிரடித்து, நெல்லைத் தன் வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும் பெரிய மெசின்கள். முன்பக்கத்தையும் சல்லடையையும் மாற்றினால் சோளம் வெட்டும், பயறும் அடிக்கும். சிங்கள விவசாயிகள் அதைப் ‘பூதயா’, பூதம், என்பார்கள். எங்களிடம் வந்தவற்றுக்கு முப்பது வயதுக்குக் குறையாது. யாரோ ஒரு நாட்டில் யாரோ ஓட்டித் தேய்ந்த கால்மிதிகள், வெயிலில் வெடித்த இருக்கை. ஒருமுறை ஒன்றின் தானியத் தொட்டி மூலையிலிருந்து மிஸ் ஒரு பிடி கோதுமையைச் சுரண்டி எடுத்தார். நாங்கள் யாரும் அதற்குமுன் கோதுமையை உமியோடு பார்த்ததில்லை. கந்தோரில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

அவருடைய வேலை, மெசினோடு வரும் ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் எழுதுவது. சாரதிகளில் பாதிப் பேர் கிழக்கிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். சிங்களம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது.

முதல் நாள் என்னை முற்றத்தில் நின்ற மெசினுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், தாளைப் பார்த்து வாசித்தார். “பக்க மூடியைத் திறந்து பெல்ட்டைச் சரிபார்க்கவும்.”

நான் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பிடித்துப் பார்த்தேன்.

“ஏன் பிடிச்சீங்க?”

“சரிபாக்கச் சொன்னீங்களே.”

“கண்ணால பாத்தாலும் சரிபாக்கிறதுதானே? நான் பிடிக்கச் சொல்லல. இன்ஜின் நிக்கணும்னும் சொல்லல. நீங்க பிடிச்சிட்டீங்க.” தாளில் கோடு போட்டு அடித்தார். “எழுதினது பிழை. நீங்க செஞ்சது சரி. நன்றி நானா.”

அன்றிலிருந்து நான்தான் அவருடைய கை. ஒரு வசனம் எழுதினால் ஸ்டோருக்கு வருவார். வாசிப்பார். வாசித்ததை மட்டும் நான் செய்ய வேண்டும்; எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது. அதுதான் கஷ்டம். இருபது வருடமாக மெசினோடு கிடந்தவனுக்குத் தெரியாததுபோல் நடிக்க வராது. “உங்க மூளைய ஸ்டோர்ல வச்சிட்டு வாங்க” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

கந்தோரில் மற்றவர்களுக்கு இது எரிச்சல். ஒரு பக்கம் எழுத நாலு நாள் எடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஹாஜியார்கூட ஒருநாள் கேட்டார், “மிஸ், புத்தகத்தில உள்ளத அப்பிடியே தமிழ்ல போட்டா என்ன?”

“போடலாம் ஹாஜியார். ஆனா யாரோ ஒரு ஆள் இத வாசிச்சிட்டுக் கைய நீட்டப் போறாரு. அந்தக் கை எனக்குத் தெரியணும்.”

ஹாஜியார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஸ்டோரில் வேலை குவிந்தபோது நான் சொன்னேன், ஒருமுறை அல்ல, பல முறை: “எனக்கும் வேல ஈக்கி மிஸ்.” அவர் கேட்டுக்கொள்வார். அடுத்த தாளோடு வருவார்.

வேலைக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். கம்பனி வேலையாக ஒருநாள் இருவரும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். திரும்பும்போது உம்மாவின் பிரஷர் குளிசைக்காக மருந்துக்கடையில் நின்றேன். கடைக்காரர் உறையில் ‘காலை மாலை 2’ என்று எழுதித் தந்தார். மிஸ் எட்டிப் பார்த்தார்.

“காலைல ரெண்டு, மாலைல ரெண்டா? இல்ல ஒண்ணு ஒண்ணா மொத்தம் ரெண்டா?”

“ஒண்ணு ஒண்ணு. எல்லாருக்கும் விளங்கும் மிஸ்.”

“எப்பிடி விளங்கிச்சுன்னு யார்ட்டயாவது கேட்டிருக்கீங்களா?”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைக்காரர் உறையைப் பிடுங்கி, குழந்தைக்கு எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம், இதுவரை எப்படிக் குடித்தீர்கள் என்று கேட்டேன். இரண்டையும் காலையிலேயே சேர்த்துக் குடித்துவிடுவாராம். மாலையில் மறந்துபோகுமாம், அதனால். இதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

என் மகளின் கலியாணக் கார்டில் ‘குடும்ப சகிதம்’ என்று அடித்திருந்தோம். அதை நீட்டியபோது, “எனக்குக் குடும்பம்னா அக்கா, அத்தான், மூணு பிள்ளைங்க. எல்லாரையும் கூட்டிட்டு வரலாமா, இல்ல வழக்கத்துக்குப் போட்டதா?” என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். வரச் சொன்னேன். ஆறு பேரும் வந்தார்கள். மூன்று பிள்ளைகளும் வட்டிலப்பம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவரிடம் ஒரு குளிர்ச்சி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாராவது அழுதால்கூட, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. கந்தோரில் ஒரு பெண்ணின் தகப்பன் இறந்தபோது, “எத்தனை மணிக்கு? பக்கத்துல யார் இருந்தாங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் எழும்பிப் போய்விட்டாள்.

மெசினின் பின்பக்கத்தில் வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி வயலில் வீசும் பிளேடுகள் உண்டு. இரும்பு மூடிக்குள் இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. அதே அச்சில் ஒரு புல்லி வெளியே இருக்கும். பிளேடு சுற்றினால் புல்லியும் சுற்றும். ஈர வைக்கோல் வந்தால் அந்த இடம் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுப்பதைப் பற்றி மூடிமேல் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் எழுத வேண்டியிருந்தது.

மிஸ் என்னை மெசினை ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். இன்ஜின் அடங்கிவிட்டது. முற்றத்தில் சத்தமே இல்லை. அவர் பக்கத்தில் குந்தியிருந்து புல்லியைப் பார்த்தார்.

“இன்னும் சுத்துது நானா.”

“அது அப்பிடித்தான் மிஸ். கொஞ்ச நேரத்தால நிக்கும்.”

“சத்தமே இல்லாம சுத்துது” என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிற்கும்வரை எழும்பவில்லை. பிறகு எழுதிய நாலு வரி இது:

இன்ஜினை நிறுத்துங்கள்.
சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள்.
புல்லி சுற்றுவது நிற்கும்வரை பாருங்கள்.
மூடியைத் திறந்து அடைப்பை எடுங்கள்.

புல்லி என்பதற்குத் தமிழ்ச் சொல் போடவில்லை. சாரதிகள் புல்லி என்றுதான் சொல்கிறார்கள் என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

அது ஓகஸ்ட் மாதம். சிறுபோக அறுவடைக்கு ஆறு மெசின்கள் போக வேண்டியிருந்தது. மிஸ் மடு மாதா திருவிழாவுக்குப் போயிருந்தார். சிங்களமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வரும் ஸ்டிக்கரை அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. கண்டி டவுனில் அச்சகத்துப் பையன் அளவை வைத்துப் பார்த்துவிட்டு, சிங்களம் நாலு வரி வருகிறது, தமிழ் நாலு வரி வராது என்றான். எழுத்தைச் சின்னதாக்கினால் வாசிக்க முடியாது. ஸ்டிக்கரை ஒட்டும் தகடு வெட்டியாகிவிட்டது, ஸ்டிக்கரைப் பெரிதாக்கவும் வழியில்லை. லொறி பல்லேகலயில் காத்து நின்றது. மிஸ்ஸுக்கு மூன்று முறை கோல் எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை.

தாளை ஒருமுறை வாசித்தேன். இன்ஜின் நின்றால் எல்லாம் நிற்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிற்காது என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் அவரோடு நின்று பார்த்தவன் நான். மூன்றாவது வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டுக் கொடுத்தேன். தமிழ் மூன்று வரி, சிங்களம் நாலு வரி. பக்கத்தில் பக்கத்தில் அழகாக வந்திருந்தது.

பத்து நாள் கழித்து ஹசலக்கவிலிருந்து செய்தி வந்தது. எங்கள் மெசினில் சாரதி ஒருவரின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பெயர் யோகராஜ். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தைச் சேர்ந்தவர், முப்பது வயதிருக்கும். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

மிஸ் திரும்பி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்டோருக்கு வந்து, மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே தமிழை வாசித்தார், சிங்களத்தை வாசித்தார், மறுபடி தமிழை வாசித்தார். என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போகணும். வாறீங்களா?” என்றார்.

யோகராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு. நாங்கள் கம்பனியிலிருந்து வருகிறோம் என்றதும் எழும்பப் பார்த்தார்.

“மன்னிச்சிருங்க மிஸ். நான்தான் அவசரப்பட்டுட்டேன். மெசின வாங்கின மொதலாளி சரியா ஏசிட்டாரு. நிக்கிற வரைக்கும் இருக்கச் சொல்லி ஸ்டிக்கர்லயே தெளிவா எழுதியிருக்கு, ஒனக்கு வாசிக்கத் தெரியாதான்னு கேட்டாரு.”

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்ன செஞ்சீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

எனக்கு அந்த நேரம் அவர்மேல் வெறுப்பே வந்தது. வலியில் கிடக்கும் மனிதனிடம் இதையா கேட்பது என்று நினைத்தேன். பையில் கொண்டுபோன தோடம்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

“பின்னால அடைச்சிருச்சு. எறங்கினேன்.”

“இன்ஜின்?”

“நிப்பாட்டிட்டேன் மிஸ்.”

“சாவி?”

“சட்டப் பையில போட்டேன். அந்தச் சட்டையிலதான் இன்னும் கெடக்கும்.”

“ஸ்டிக்கர்ல அதுக்குப் பிறகு என்ன எழுதியிருந்திச்சு?”

அவர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். “மூடியைத் திறந்து அடைப்பை எடுங்கள்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“மூடியத் தெறந்தேன். வைக்கலுக்குள்ள கைய விட்டேன்.”

“அப்ப நீங்க அவசரப்படல” என்றார் மிஸ். “எழுதினதச் செஞ்சிருக்கீங்க. தமிழ்ல அந்த வரி இல்ல. மொதலாளி வாசிச்சது சிங்களம்.”

யோகராஜ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரியாகப் புரியவில்லை என்று தெரிந்தது. தாதி வந்து நேரமாகிவிட்டது என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மிஸ் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். “நீங்கதானே எடுத்தீங்க?”

“ஓ, நான்தான்.”

“தெரிஞ்சா?”

பொய் சொல்ல நேரமிருந்தது. அம்பிட்டிய பஸ்கூட வரவில்லை. “தெரிஞ்சுதான் எடுத்தன் மிஸ்” என்றேன்.

தலையை ஆட்டினார். “சனிக்கிழமை ஹசலக்க போறேன், ஸ்டிக்கர மாத்த. அன்னைக்கு மொதலாளிக்கும் யோகராஜுக்கும் இது தெரியணும். நீங்க சொன்னா நல்லது. சொல்லலன்னா நான் சொல்லுவேன்.” பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் எனக்கு இரண்டு பயம். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, இருபது வருடம் வேலை தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்தேன், அது போய்விடும் என்ற பயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“கை போன அந்தப் புள்ளட மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எங்கட்ட மட்டும் சொன்னாக் காணா. மத்தத நான் பாக்கிறன்.”

மெசின்காரர்களுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று ஹாஜியார் நினைத்திருந்தார். போனில் சொன்னதை யாரும் மெசினில் ஒட்டிவைக்க மாட்டார்கள் என்று மிஸ் மறுத்துவிட்டார். ஆறு மெசினுக்கும் தானே போவதாகச் சொல்லிப் புதிய ஸ்டிக்கர்களும் ஒரு சுரண்டியும் எடுத்து வைத்திருந்தார். இந்தமுறை தமிழுக்குத் தனித் தகடு. சனிக்கிழமை நான் கம்பனி வேனை ஓட்டினேன். தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரிய தாண்டி, வளைவுகளில் இறங்கினோம்.

ஹசலக்கவில் மெசின் முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் மெசின் நின்றது. யோகராஜும் வந்திருந்தார். முந்தைய நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தன் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போக வந்தவர். முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். புதுச் சாரதி ஒருவர் அங்கே நின்றார். முதலாளி நல்ல மனிதர்தான். எங்களுக்குக் கதிரை போட்டுத் தந்தார். “கை போனது பாவம்தான். ஆனா கவனமில்லாத ஆளை நான் எப்படி மறுபடி ஏத்துறது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

மிஸ் சுரண்டியை என்னிடம் தரவில்லை. “நானா, அதுல உள்ளதச் சத்தமா வாசிங்க” என்றார்.

நான் மெசினின் பின்னால் போய் நின்று தமிழை வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் சிங்களத்தில் பொருள் சொன்னேன். மூன்று வரியோடு முடிந்துவிட்டது. முதலாளி கிட்ட வந்து, சிங்களப் பக்கத்தில் விரலை வைத்து வரிகளை எண்ணினார். தமிழ்ப் பக்கத்தில் எண்ணினார்.

“இதுல ஒரு வரி இருந்திச்சு” என்றேன் யோகராஜைப் பார்த்து. “எடம் காணாதெண்டு நான்தான் எடுத்தன். பிளேடு சுத்துமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தன்.” அதையே முதலாளிக்குச் சிங்களத்தில் சொன்னேன். 

யோகராஜ் ஸ்டிக்கருக்குக் கிட்ட வந்தார். “என்னா வரி நானா அது?” என்றார்.

“புல்லி சுற்றுவது நிற்கும்வரை பாருங்கள்.”

“நாலு சொல்லு” என்றார். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் என்னை அடித்திருந்தாலும் நான் கையை உயர்த்தியிருக்க மாட்டேன். அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. புல்லிக்கு முன்னால் போய் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி புதுச் சாரதியோடு ஒதுங்கிப் பேசிவிட்டு வந்து, கை ஆறியதும் வரச் சொன்னார். அவர் சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த பெரும்போகத்தில் யோகராஜ் அதே மெசினில் ஏறினார். நானும் வேலையில் இருந்தேன். ஆனால் அச்சுக்குப் போகும் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். அது சரிதான்.

நாங்கள் புறப்படும்போது யோகராஜ் வேனுக்குப் பக்கத்தில் வந்தார்.

“மிஸ், இத எங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும். நான் சொன்னா நம்பாது. கவனமில்லாமக் கையத் தொலச்சிட்டேன்னு அழுதுகிட்டே கெடக்கு. லயத்துல எல்லாரும் அதையே சொல்றாங்க.”

“நான் எதுக்கு?” என்றார் மிஸ். என்னைக் காட்டினார். “அவரு சொல்லுவாரு. வண்டியில ஏறுங்க.”

திரும்பி வளைவுகளில் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்கு வந்தோம். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் நாலாவது காம்பரா அவர்களுடையது. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எங்களை உட்காரவைத்து, கேட்காமலே தேத்தண்ணி ஊற்றினார். மகனின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சொன்னேன். மெசின் புல்லி என்றெல்லாம் அவருக்கு விளங்கவில்லை. இடையில் நிறுத்தி ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“அப்ப எம்புள்ள கவனமாத்தான் இருந்தானா?”

“கவனமாத்தான் ஈந்தார் அம்மா. எழுதினபடிதான் செஞ்சார். பிழ என்ட.”

“இன்னொருவாட்டி சொல்லுங்க தொர.”

தோட்டத்து மேலதிகாரியைக் கூப்பிடுவதுபோல் தொரை என்று என்னை யாரும் அதற்குமுன் கூப்பிட்டதில்லை. மறுபடி சொன்னேன். அவர் எழும்பிப் போய், வாசலில் நின்று பக்கத்துக் காம்பராவைப் பார்த்துச் சத்தம் வைத்தார். “ஏ பாக்கியம்! இங்க வந்து இவரு சொல்றதக் கேளு. எல்லாரையும் வரச் சொல்லு.”

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் உள்ளே வருவதற்கு இடம்விட்டுத் தன் கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டார். நான் எழும்பி நின்று முதலிலிருந்து சொன்னேன்.